ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியாவின் முதல் ஹாட்ரிக்: பம்பாய் வீரர் நெவில் டிசோசா

மும்பை: ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் என்ற பெருமைக்குரியவர் நெவில் டிசோசா.

கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட அவர், பம்பாயின் டாட்டா ஸ்போர்ட்ஸ் கிளப், கால்டெக்ஸ் அணிகளின் முன்கள வீரராக விளங்கினார். தொழில்முறை லீக் இல்லாத அக்காலத்தில், நிறுவனங்களில் கிடைத்த வேலையே கால்பந்து வீரர்களுக்கு வாழ்வாதாரமாக இருந்தது.

1956 டிசம்பர் 1-ஆம் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக் காலிறுதியில், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா எதிர்கொண்டது. நெவில் இருமுறை கோல் அடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். ஆஸ்திரேலியா இருமுறையும் சமன் செய்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர் மூன்றாவது கோலையும் அடித்தார். கிட்டு மேலும் ஒரு கோல் சேர்க்க, இந்தியா 4-2 என வென்றது.

மாட்டுங்காவில் ஆடி வளர்ந்த கோல்கீப்பர் எஸ்.எஸ்.நாராயணனும் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார்.

யூகோஸ்லாவியாவிடம் 1-4 எனத் தோற்ற அரையிறுதியில், இந்தியாவின் ஒரே கோல் நெவில் அடித்ததாகும். இந்தியா நான்காம் இடம் பெற்றது. மொத்தம் நான்கு கோல்களுடன், அதிக கோல் அடித்தோர் வரிசையில் அவர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

நெவில் 1980-இல் தமது 47-ஆவது வயதில் காலமானார். 1960-க்குப் பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த ஒரே இந்தியக் கால்பந்து வீரர் இன்றளவும் அவரே.