பர்மிய விடுதலையின் சிற்பி ஆங் சான்

1824 முதல் 1885 வரை மூன்று போர்கள்; அவற்றின் முடிவில் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னராட்சி ஒழிந்தது. 1937 வரை அந்நாடு இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. அரிசி ஏற்றுமதியால் நாடு செழித்தது. உழவனோ கடனில் மூழ்கினான். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு விளைநிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. நிலமிழந்தவர்களின் மனக்கொதிப்பே பர்மிய தேசியத்துக்கு உரமாயிற்று.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் ஆங் சான். 1915 பிப்ரவரி 13ஆம் நாள், நடுப் பர்மாவின் நாட்மவுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆங்கிலேயரை எதிர்த்து உயிர்நீத்த உறவினர் ஒருவரின் நினைவு அக்குடும்பத்தில் மங்காதிருந்தது. இரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்க இதழின் ஆசிரியராக இருந்தபோது, அதிகாரி ஒருவரைச் சாடிய கட்டுரையை எழுதியவர் யார் எனச் சொல்ல மறுத்தார். அதற்காக அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க ஆணை பிறந்தது. 1936ஆம் ஆண்டின் மாணவர் வேலைநிறுத்தம் அவ்வாணையைத் திரும்பப் பெற வைத்தது. ஆங் சானையும் நாடறிந்தவராக்கியது. பின்னர் தக்கின் இயக்கத்தில் சேர்ந்து அதன் பொதுச்செயலாளரானார். ஆங்கிலேயரை விளிக்கும் ‘எசமான்’ என்ற சொல்லை அவ்வியக்கத்தினர் தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டனர்.

1940இல் கைது ஆணையிலிருந்து தப்பிக் கப்பலேறிச் சீனத்தின் அமோய் துறைமுகத்தை அடைந்தார். அங்கே அவரைக் கண்டுபிடித்து அழைத்துச் சென்றவர்கள் சப்பானியர். ஐனான் தீவில் இராணுவப் பயிற்சி பெற்ற ‘முப்பது தோழர்கள்’ 1941 திசம்பரில் பாங்காக்கில் பர்மா விடுதலைப் படையை அமைத்தனர். 1942இல் சப்பானியப் படையோடு தாயகம் புகுந்தனர். அந்தப் படையெடுப்பில் கறைகளும் உண்டு. ஐராவதி கழிமுகத்தில் கரேன் மக்கள் பலர் அப்படையினரால் கொல்லப்பட்டனர். தட்டோன் அருகே கிராமத் தலைவர் ஒருவருக்கு ஆங் சானே மரண தண்டனை நிறைவேற்றினார். அப்பொறுப்பை அவர் பின்னாளில் மறுக்கவுமில்லை.

1943 ஆகஸ்டு 1இல் சப்பான் பர்மாவுக்கு விடுதலை வழங்கியது. ஆங் சான் பாதுகாப்பு அமைச்சரானார். அந்த விடுதலை பெயரளவிலானது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். எசமானர் மாறியதை விடுதலை என்று ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. 1944இல் பாசிச எதிர்ப்பு அணி மறைவில் உருவாயிற்று. 1945 மார்ச் 27இல் அவருடைய படை சப்பானியர்மீதே துப்பாக்கியைத் திருப்பியது.

போர் முடிந்த பின் அவர் ஆயுதத்தை நாடவில்லை. 1945 செப்டம்பரில் இலங்கையின் கண்டியில் மவுண்ட்பேட்டனோடு நடந்த பேச்சில் அவருடைய படை புதிய பர்மியப் படையில் இணைய வழி பிறந்தது. தமக்கு அளிக்க முன்வந்த படைப் பதவியை மறுத்து அவர் அரசியலுக்கு வந்தார். 1946 செப்டம்பரின் வேலைநிறுத்தங்கள் ஆட்சியை அசைத்தன; ஆளுநரின் நிருவாகக் குழுவில் அவர் துணைத்தலைவரானார். 1947 சனவரி 27இல் இலண்டனில் அட்லியுடன் செய்த உடன்பாடு ஓராண்டுக்குள் விடுதலைக்கு வழி திறந்தது.

ஆயினும் ஆங்கிலேயரிடம் பெறுவதைவிடக் கடினமான வேலை ஒன்று மீதமிருந்தது. மலைநாட்டு மக்கள் பர்மியரை எளிதில் நம்பவில்லை. 1947 பிப்ரவரி 12இல், தம் 32ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், பாங்லோங் ஊரில் சான், கச்சின், சின் தலைவர்களோடு அவர் உடன்பாடு கண்டார். எல்லைப்பகுதிகளுக்கு உள்ளாட்சியில் முழுத் தன்னுரிமை என்ற உறுதி அதில் இருந்தது. கரேன் மக்கள் அதில் கையொப்பமிடவில்லை.

1947 சூலை 19 காலை, இரங்கூன் தலைமைச் செயலகத்தில் குழுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அரசியல் எதிரியான ஊ சா ஏவிய ஆட்கள் உள்ளே புகுந்து சுட்டனர். ஆங் சானோடு அவருடைய தமையன் பா வின், சான் தலைவர் சாம் துன், கரேன் தலைவர் பா கைங், இந்தியத் தந்தைக்குப் பிறந்த இசுலாமியரான அப்துல் ரசாக் உள்ளிட்டோர் மாண்டனர். அவர் கட்ட எண்ணிய நாடு எத்தகையது என்பதற்கு அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களே சான்று.

1948 சனவரி 4 விடியற்காலையில் பர்மா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே கரேன் கிளர்ச்சி மூண்டது. 1962இல், முப்பது தோழர்களுள் ஒருவரான நே வின் ஆட்சியைக் கைப்பற்றிப் பாங்லோங் உறுதியைப் புதைத்தார். 2021இல் மீண்டும் படை ஆட்சியைப் பறித்து, ஆங் சானின் மகளைச் சிறையிலடைத்தது. துணையையும் வழியையும் மாற்றிய ஆங் சான் குறிக்கோளை மாற்றியதில்லை. பாங்லோங்கில் மலைநாட்டார் வைத்த நம்பிக்கை பெரிதும் அவர் ஒருவர்மீது வைத்த நம்பிக்கை. அதைச் சட்டமாகவும் பழக்கமாகவும் வேரூன்றச் செய்ய அவருக்குக் காலம் வாய்க்கவில்லை; காலம் வாய்த்தவர்களுக்கு மனம் வாய்க்கவில்லை.