பத்தில் ஒரு பங்கு சம்பளம்... அப்புறம் நோபல் பரிசு! யார் இந்த கெர்ட்டி கோரி?

காலையில எதுவும் சாப்பிடல. பஸ் கிளம்பிடுச்சேன்னு ஓடுறீங்க. அந்த ஓட்டத்துக்குச் சக்தி எங்கிருந்து வருது? தசைக்குள் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும் சர்க்கரைதான் முக்கியக் காரணம். அந்தச் சேமிப்பு எப்படி உடைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் கெர்ட்டி கோரியும் அவரது கணவர் கார்ல் கோரியும்.

1896-ல் ப்ராக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கெர்ட்டி. அப்பா சர்க்கரை ஆலைகளை நிர்வகித்த வேதியியலாளர். மருத்துவம் படிக்கும்போது பழகிய கார்லை 1920-ல் மணந்தார். 1922-ல் இருவரும் அமெரிக்கா போனார்கள்.

சிக்கல் அங்கேதான். ஆய்வு செய்தது இருவரும் சேர்ந்து. ஆனால் வேலைக்குக் கூப்பிட்டவர்கள் கேட்டது கார்லை மட்டும். மனைவியோடு சேர்ந்து ஆய்வு செய்யக் கூடாது என்று ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையே போட்டது. அவர் அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டார். 1931-ல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருவரையும் எடுத்துக்கொண்டது. கார்ல் துறைத் தலைவர். கெர்ட்டிக்கு ஆய்வாளர் பணி, கணவர் வாங்கியதில் பத்தில் ஒரு பங்கு சம்பளம்!

1936-ல் அரைத்த தவளைத் தசையில் குளுக்கோஸ்-1-பாஸ்பேட் என்ற புதிய பொருள் கிடைத்தது. அதை உருவாக்கும் நொதிதான் பாஸ்போரிலேஸ். கிளைகோஜன் சங்கிலியின் நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக, பாஸ்பேட்டை ஒட்டிக் கழற்றித் தருவது இதன் வேலை.

1947-ல் எல்லாமே ஒன்றாக வந்தது. பேராசிரியர் பதவி, நோபல் பரிசு, கூடவே எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் தீராத நோய். மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண் இவர்தான்.

அடுத்த பத்து வருஷம் ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆய்வகத்துக்கு வந்தார். அந்த நிலையில் செய்த ஒரு வேலை, நோபலுக்குக் குறைந்ததல்ல. சில குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கும். சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனாலே ரத்தச் சர்க்கரை சரியும். காரணம் குளுக்கோஸ்-6-பாஸ்பேடேஸ் என்ற ஒரே நொதி இல்லாததுதான் என்று 1952-ல் காட்டினார்கள். கல்லீரலில் சர்க்கரை இருக்கும், வெளியே வர முடியாது. இன்று இந்தக் குழந்தைகளுக்கு வேகவைக்காத சோளமாவைக் கரைத்து நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள். மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை சட்டென்று இறங்காது.

1957-ல் கெர்ட்டி காலமானார். 2008-ல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் அச்சான குளுக்கோஸ்-1-பாஸ்பேட் வரைபடத்தில் ஒரு பிழை!