அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் சூட்டிய தோட்டத் துரை

கீழ் கோத்தகிரியின் தேயிலைச் சரிவுகளில், மழைக்கால இரவுகளில் விளக்கை மொய்க்கும் அந்துப்பூச்சிகளுக்குக் கணக்கில்லை. பணி ஓய்வுக்குப் பின் இவ்வூரில் வசித்துவரும் நான், அவற்றின் பெயரறிய நூல்களைப் புரட்டும்போதெல்லாம், பூச்சியின் அறிவியல் பெயரை அடுத்து ஒரு மனிதரின் பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. ஹாம்ப்சன் என்பது அப்பெயர்.

ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் 1860 ஜனவரி 14-இல் பிறந்தவர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரியிலும் பயின்றபின், அக்கால ஆங்கிலேய இளைஞர் பலரைப் போலவே பிழைப்புக்கு வழி தேடி இந்தியாவுக்குக் கப்பலேறினார். அன்றைய சென்னை மாகாணத்தின் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் துரையானார். பூச்சியியல் அவர் பட்டம் பெற்ற துறையன்று. அந்த ஈடுபாட்டை அவருக்குத் தந்தது இந்த மலைதான். நீலகிரி மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைத் தொகுத்து அவர் எழுதிய கட்டுரையை 1888-ஆம் ஆண்டின் வங்காள ஆசியக் கழக இதழ் வெளியிட்டது.

பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு ரசிகர்கள் உண்டு. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியோ எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுதி; உருவில் சிறியது; ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். அதற்குப் பெயர் சூட்டுவது கவிஞர் மலருக்குப் பெயரிடுவது போன்றதன்று. பிடித்த பூச்சியை ஊசியில் குத்தி, சிறகு விரித்து உலர்த்தி, இடமும் நாளும் எழுதிய சிறு சீட்டை இணைக்க வேண்டும். ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிட்டு, எதிலும் அடங்காது என உறுதி செய்தபின், அடையாளங்களை விவரித்து அச்சிட வேண்டும். அந்த விவரிப்புக்கு ஆதாரமான மூலமாதிரி காலங்காலமாகப் பாதுகாக்கப்பட வேண்டும். முறைப்படி முதலில் வெளியான பெயரே நிலைக்கும். பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ நிலப்பதிவு போன்றதே இது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பெரும் சேகரிப்பு அன்று லண்டனில்தான் இருந்தது. இங்கிலாந்து திரும்பிய ஹாம்ப்சன், அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊதியமில்லாத் தன்னார்வலராகச் சேர்ந்தார். நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவரது நூல் 1891-இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. இலங்கையின் அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூல் 1893-இல் தொடர்ந்தது. 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' என்னும் நூல் வரிசையில், இலங்கை, பர்மா உள்ளிட்ட நிலப்பரப்பின் அந்துப்பூச்சிகளுக்காக 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளை எழுதினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அவற்றில் இடம்பெற்றன.

அருங்காட்சியகம் அவருக்கு உதவியாளர் பதவி அளித்தது 1895-இல்தான். அடுத்த ஆண்டு குடும்பத்தின் பரம்பரைப் பிரபுப் பட்டமும் அவரிடம் வந்து சேர்ந்தது. உலகின் அந்துப்பூச்சிகள் அனைத்தையும் வரிசைப்படுத்தும் பெருமுயற்சியில் இறங்கி, 1898 முதல் 1920 வரை பதினைந்து தொகுதிகளை வெளியிட்டார். அவ்வளவு உழைத்தும் சில குடும்பங்களுக்கு அப்பால் பணி நகரவில்லை. 1936 அக்டோபர் 15-இல் அவர் மறைந்தார்.

சிறகின் நரம்பமைப்பை முதன்மை அடையாளமாகக் கொண்டு, படிப்படியாக இனங்காணும் அட்டவணைகளை அவர் வகுத்தார். வகைப்பாட்டில் பின்வந்தோர் பல திருத்தங்கள் செய்துள்ளனர். எனினும், இந்திய அந்துப்பூச்சிகளை ஆராய்வோர் இன்றும் அந்த நான்கு தொகுதிகளைப் புறக்கணித்துவிட்டு எழுத முடியாது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பொருளாதாரம் கற்பித்தவனாக விடை சொல்கிறேன். மாவிலைகளை நூலால் பின்னிக் கூடாக்கி, உள்ளிருந்தபடியே தின்னும் புழுவை நம் மா விவசாயிகள் அறிவார்கள். வேளாண் நூல்கள் அதைக் குறிக்கும் ஆர்த்தகா எக்ஸ்வினேசியா என்னும் பெயர் ஹாம்ப்சன் இட்டது. பெயர் உறுதியானால்தான் ஓர் ஊரில் கண்டறிந்த தீர்வு மற்றோர் ஊருக்குப் பயன்படும். தவறான மருந்துக்குச் செலவிடும் பணம் மிஞ்சும். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத இத்தகைய செல்வத்தைப் பொதுப்பண்டம் என்போம். பலன் எல்லோருக்கும் போய்ச் சேர்வதாலேயே, அதை உருவாக்கச் சந்தையில் எவரும் கூலி தருவதில்லை.

ஹாம்ப்சன் கூலி பெறாமல் உழைக்க முடிந்ததற்கு அவரது வசதியும் ஒரு காரணம். நீலகிரித் தோட்டத் துரைகளின் வசதிக்கும் ஓய்வுக்கும் பின்னால், சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்களின் கொழுந்துக் கூடைகள் இருந்தன. சோலைக்காடுகளின் பூச்சிகளைப் பதிவு செய்த அதே தலைமுறைதான் சோலைகள் இருந்த நிலத்தைத் தேயிலைக் காடாகவும் ஆக்கியது. அன்றைய பட்டியல்கள் இல்லாவிட்டால் இம்மலை எவற்றை இழந்தது என்பதை அளக்க நமக்கு ஓர் அளவுகோலே இருந்திராது. பதிவு செய்தவருக்கு நன்றி சொல்லும்போதே, பதிவுக்குள் வராதவர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இம்மலையின் படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகளில் பூச்சிகளுக்கு வழங்கிய பெயர்களுக்கு அந்த நூல் வரிசையில் இடமில்லை. பெயரை நிலைநிறுத்தும் மூலமாதிரிகளோ பெரும்பாலும் லண்டனில் இருக்கின்றன.

இன்று ஊதியமில்லாப் பிரபுக்களை நம்பி அறிவியல் நடக்க முடியாது. இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றைப் பிரித்தறியக் கூடிய வகைப்பாட்டியலாளர்களோ அருகி வருகிறார்கள். உடனடிப் பலன் காட்டாத துறை என்பதால் கல்லூரிகளில் அதற்கு இடம் சுருங்குகிறது. சந்தை தராததை அரசுதான் தர வேண்டும் என்பது பொதுப்பண்டக் கோட்பாட்டின் அரிச்சுவடி.

அதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. பதிவேட்டில் மூலிகைக்கும் மரத்துக்கும் தரும் கவனம் பூச்சிக்கும் வேண்டும். அறிவியல் பெயரின் பக்கத்தில் உள்ளூர்ப் பெயரும், பார்த்த இடமும் நாளும், பார்த்துச் சொன்னவரின் பெயரும் இடம்பெற வேண்டும்.

இதைச் செய்யத் தகுதியானவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இம்மலைகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி மாணவர்கள். நீலகிரிக்கும் இலங்கைக்கும் அடுத்தடுத்து நூல் எழுதினார் ஹாம்ப்சன். அவ்விரு மலைகளின் தேயிலையையும் இம்மாணவர்களின் குடும்பங்கள் கொய்திருக்கின்றன. அவர்களில் சிலருக்கேனும் உதவித்தொகையும் பயிற்சியும் நுண்ணோக்கியும் தந்து, மாதிரிகளைப் பாதுகாக்க மாவட்டத்திலேயே ஒரு காப்பகம் அமைத்தால், அடுத்த நூற்றாண்டின் நூல்களில் பூச்சியின் பெயரை அடுத்து இம்மலைப் பிள்ளைகளின் பெயர்கள் அச்சாகும்.