மலையேறியும் மரச்சீனியும்

எவரெஸ்டு எங்கே, நெய்யூர் எங்கே! அது வானைத் தொடும் பனிமலை. இது பனையும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். இரண்டையும் தம் வாழ்வால் இணைத்த ஒருவர் இருந்தார். தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்பது அவர் பெயர். குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் வாய்நிறையச் சொன்ன பெயர். நம் தோழர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய பெயர்.

1890இல் இங்கிலாந்தின் கெண்டால் நகரில், காலணித் தொழில் நடத்திய வளமான குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் அறிவியல் கற்றார். லண்டனில் மருத்துவம் கற்றார். 1916இல் சோம் போர்க்களத்தில், குற்றுயிராய்க் குவிந்து கிடந்த சிப்பாய்களுக்கு இரவு பகலாக அறுவை செய்தார்.

1922இல் எவரெஸ்டு ஏறச் சென்றார். ஆக்சிஜன் புட்டியின்றி 8,200 மீட்டரையும் தாண்டினார். ஆனால் ஜூன் 7ஆம் நாள் பனி சரிந்தது. மூட்டை சுமந்து வந்த ஏழு தொழிலாளர்கள் மாண்டனர். வெள்ளையர் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விபத்து என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, அந்த ஏழை மக்களோடு நம்மில் ஒருவராவது மடிந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு வெடிக்க வருந்தினார். புகழ் ஒரு பக்கம், பிணம் ஒரு பக்கம் என்னும் கணக்கு அவருக்குப் பொறுக்கவில்லை!

ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப்பணி அங்கே நடந்து வந்தது. நோயாளிகளோ கடலெனத் திரண்டிருந்தனர்; கத்தி பிடிக்கும் கைகளோ போதவில்லை. லண்டனில் காத்திருந்த உயர்ந்த பதவியை உதறினார், நெய்யூரில் தங்கினார்.

1924இல் மீண்டும் எவரெஸ்டு. உறைபனியில் தொண்டையின் உட்சவ்வு செத்துக் கழன்று மூச்சை அடைத்தது. மார்பைத் தம் கைகளாலேயே அழுத்தி, அடைப்பை வெளியே தள்ளிப் பிழைத்தார். உடலின் இயக்கத்தைப் புத்தகத்தில் மட்டுமா படித்தார்? தம் உடலிலேயே படித்தார்!

பனையேறியும், வயற்கூலியும், மீனவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெய்யூருக்கு வந்தனர். சிறுகுடலின் தொடக்கத்தில் புண்! தலைவிதி என்றது ஊர். சோமர்வெல் கேட்டதோ வேறு கேள்வி: கோதுமை தின்னும் பஞ்சாபியிடம் அரிதாக உள்ள புண், இங்கே ஏன் இவ்வளவு மலிவு? ஏழையின் தட்டைப் பார்த்தார். மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் இருந்தன. சத்துள்ள உணவு இல்லை. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசன் எலிகளை வைத்துச் சோதித்தார். திருவிதாங்கூர் ஏழையின் உணவைத் தின்ற எலிகளுக்கு வயிற்றுப்புண் வந்தது. பஞ்சாபியின் உணவைத் தின்றவை தப்பின.

புண்ணை அரிப்பது இரைப்பையில் சுரக்கும் அமிலம். அதைச் சுரக்கச் சொல்வது யார்? மூளையிலிருந்து இறங்கும் நரம்பு ஒன்று. இரத்தத்தில் ஓடும் தூதன் மற்றொன்று. அத்தகைய தூதன் ஒன்றை முதன்முதலில், 1902இல், பேலிசும் ஸ்டார்லிங்கும் கண்டது, சோமர்வெல் பயின்ற மருத்துவமனைக்கு எதிரேயுள்ள கல்லூரியில்தான். இரைப்பைத் தூதனான காஸ்ட்ரின், 17 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடுச் சங்கிலி என்பது 1964இல் லிவர்பூலில் தெளிவாயிற்று. குடலில் கண்ட இத்தகைய தூதர்கள் சிலர் மூளையிலும் வேலை செய்வதைப் பின்னர் கண்டனர்.

இரைப்பையை அறுத்து எறியாமல் அமிலத்தைக் குறைக்க முடியாதா என்று சோமர்வெல் சிந்தித்தார். இரைப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் கட்டும் முறையை வகுத்து, 1945இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். நெய்யூரில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தபின், வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1975இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

பிறகு அறிவியல் மேலும் நடந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். தமனி கட்டும் முறை வழக்கொழிந்தது. அப்படியானால் சோமர்வெல் தோற்றாரா? இல்லை! அக்கிருமி வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. புண் மட்டும் தெற்கில் மிகுந்திருந்ததேன்? அவர் எழுப்பிய உணவுக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விடை மாறலாம், கேட்கும் துணிவுதான் அறிவியல்.

தோழர்களே! வயிறு எரியும்போது சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடும் தொழிலாளி நம்மிடையே உண்டு. உடல்வலிக்கு மாத்திரை விழுங்கி, அந்த மாத்திரையாலேயே புண்ணைத் தேடிக்கொள்பவனும் உண்டு. அவனிடம் சொல்லுங்கள்: இது விதியல்ல, வியாதி, கிருமி இருக்கிறதா என்று சோதித்தறிய முடியும், இருந்தால், மருத்துவர் சொல்லும் மருந்தை ஓரிரு வாரம் தவறாமல் உண்டு ஒழிக்க முடியும். சிகரத்தை நோக்கி ஏறியவர், ஏழையின் வயிற்றெரிச்சலைக் குனிந்து பார்த்தார். அதை நாம் நிமிர்ந்து நின்று ஊரறியச் சொல்வோம்!