நோயோடு வாழ்ந்த மேதை பிளேஸ் பாஸ்கல்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அச்செல்வம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. காய்ச்சல் வந்தால் வீட்டார் அனைவரும் கூடிக் கவனிப்பர். ஒரு வாரத்தில் அது தீர்ந்தும் போகும். ஆண்டுக்கணக்கில் தொடரும் வயிற்று வலியும் தலைவலியும் அப்படியல்ல. அவை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று நன்றாக இருந்தவர் நாளை படுத்துவிடுவார்; நாளை மறுநாள் எழுந்து நடமாடுவார். இதைக் காணும் பிறர், இவருக்கு உண்மையில் நோய்தானா என்று ஐயுறுவர். நோயைவிட அந்த ஐயமே சில வேளைகளில் கூடுதலாக வலிக்கும்.

இத்தகைய நோய்களோடு வாழ்ந்து, 39 வயதில் மறைந்து, அதற்குள் உலகம் மறக்க முடியாத பணிகளைச் செய்தவர் பிளேஸ் பாஸ்கல். இயற்பியல் பாடத்தில் அழுத்தத்தின் அலகாகவும், கணிதப் பாடத்தில் பாஸ்கல் முக்கோணமாகவும் அவர் பெயரை நாம் படிக்கிறோம். அப்பெயருக்கு உரியவர் எத்தகைய உடலோடு அவற்றைச் சாதித்தார் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதனை இங்கே காண்போம்.

இளமைப் பருவம்

பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகரில் 1623ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 19ஆம் நாள் பாஸ்கல் பிறந்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல், வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உயர் அதிகாரி. தாய் அந்துவானெத். மூத்த சகோதரி கில்பெர்த், இளைய சகோதரி ஜாக்லின். குழந்தைப் பருவத்திலேயே பாஸ்கல் கடும் நோய்க்கு உள்ளாகி, பிழைப்பாரா என்று அஞ்சும் நிலைக்கு ஆளானார். அவருக்கு மூன்று வயதாகும்போது அன்னை இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631இல் மூன்று குழந்தைகளோடும் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்து, தாமே அவர்களுக்கு ஆசிரியரானார்.

மொழிகளை முதலில் கற்க வேண்டும், கணிதம் பிறகு போதும் என்று எண்ணிய தந்தை, கணித நூல்களை மகன் கண்ணில் படாமல் வைத்தார். ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கரித்துண்டால் தரையில் கோடுகளும் வட்டங்களும் வரைந்து, தானே ஒவ்வொன்றாகச் சிந்தித்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்ற உண்மை வரை வந்துவிட்டான். தற்செயலாக அறைக்குள் வந்த தந்தை அதைக் கண்டு மகிழ்ச்சியால் வாயடைத்துப் போனார். பதினாறாம் வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றிப் பாஸ்கல் எழுதிய கட்டுரை 1640இல் அச்சாயிற்று.

ஜாக்லினும் குறைந்தவள் அல்லள். சிறுமியாக இருக்கும்போதே கவிதை புனைந்தவள். அரசின் சினத்துக்கு ஆளாகி மறைந்து வாழ்ந்த தந்தைக்காக, 1639இல் கர்தினால் ரிஷ்லியூ முன் நாடகத்தில் நடித்து, அவர் மனம் மகிழ்ந்திருந்த வேளையில் மன்னிப்பைப் பெற்றுத் தந்தாள். அதன்பின் தந்தைக்கு ரூவான் நகரில் வரி வசூல் பொறுப்பு கிடைத்தது.

இயந்திரமும் நோயும்

இரவு பகலாகத் தந்தை வரிக்கணக்கோடு மல்லாடுவதைக் கண்ட மகன், கூட்டலையும் கழித்தலையும் பற்சக்கரங்களால் செய்யும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முனைந்தார். 1642இல் தொடங்கிய அம்முயற்சியில் ஏறக்குறைய ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்தார். 1649இல் அரசரின் உரிமப் பத்திரமும் கிடைத்தது. இன்றைய கணிப்பொறிகளின் முன்னோடிகளுள் ஒன்றாக அதைக் கருதுகிறோம். 1970இல் உருவான கணினி மொழி ஒன்றுக்குப் பாஸ்கல் என்று பெயரிட்டதும் இதனால்தான்.

ஆனால் அவ்வுழைப்பின் காலத்திலேயே அவர் உடல் சரிந்தது. பதினெட்டு வயதிலிருந்து வலியில்லாத நாள் ஒன்றைக்கூடத் தாம் கண்டதில்லை என்று அவர் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். இச்செய்தியை நமக்குத் தந்தவர் கில்பெர்த் அம்மையார். தம்பியின் வாழ்க்கையை முதன்முதலில் எழுதியவர் அவரே.

1647இல் நோய் முற்றியது. வயிறும் குடலும் ஓயாமல் எரிந்தன. தாங்க முடியாத தலைவலி வந்தது. கால்கள் குளிர்ந்து வலுவிழந்தன. ஊன்றுகோல் இன்றி நடக்க முடியவில்லை. நீர் ஆகாரம் எதுவாயினும் சூடாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும்; அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுங்க முடியும். அந்நாளைய மருத்துவர்களோ மூன்று மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பேதி மருந்து கொடுத்தனர். அருவருப்பான அம்மருந்தையும் அவர் சூடாக்கிச் சொட்டுச் சொட்டாகவே குடித்தார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் குமட்டியது. அவர் ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை என்று தமக்கை எழுதுகிறார்.

நல்ல மருத்துவம் நாடி அவ்வாண்டு ஜாக்லினின் துணையோடு பாரிசு சென்றார். செப்டம்பர் மாதம் பேரறிஞர் தெகார்த் அவரைக் காண இரு நாள் தொடர்ந்து வந்தார். அறிவியல் பேச வந்தவர் நோயாளியின் நிலையைக் கண்டு, படுக்கையில் நெடுநேரம் ஓய்வெடுக்கும்படியும், சத்துள்ள சூப்பு குடிக்கும்படியும் அறிவுரை கூறினார். மருத்துவர்களின் பேதி மருந்தைவிட இவ்வறிவுரை எவ்வளவோ மேல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மலையும் பாதரசமும்

காற்றுக்கு எடை உண்டா? உண்டு என்றால், மலைமேல் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைய வேண்டும். குழாயில் நிற்கும் பாதரசமும் இறங்க வேண்டும். இதனைச் சோதிக்கும் வழியைப் பாஸ்கல் வகுத்தார். ஆனால் மலையேறும் உடல்நிலை அவருக்கு இல்லை. எனவே சொந்த ஊரில் இருந்த கில்பெர்த்தின் கணவர் ஃப்ளோரின் பெரியே அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் பெரியே, குருக்களும் ஊர்ப் பெரியோரும் உடன்வர, 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் மடத்துத் தோட்டம் ஒன்றில் துறவி ஒருவர் மற்றொரு குழாயை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பாதரசம் அசையவில்லை. மலையுச்சியிலோ அது 8 செண்டிமீட்டர் அளவு இறங்கியிருந்தது. அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்ற சோதனைகளுள் இதுவும் ஒன்று.

தம்மால் இயலாததைப் பிறரிடம் நம்பிக் கேட்பது தாழ்வு அன்று. நோயாளி ஒருவர் தம் பணியைத் தொடர, அன்புள்ள பல கைகள் வேண்டும். பாஸ்கலின் புகழில் சகோதரிகளுக்கும் மைத்துனருக்கும் பெரும் பங்குண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

இறைவனைக் கண்ட இரவு

1651இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு தொடக்கத்தில் ஜாக்லின் போர் ராயல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தனிமையில் இருந்த பாஸ்கல் 1654இல் ஃபெர்மா என்ற கணித அறிஞரோடு கடிதம் வழியாக வாதித்து, நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிப்படை இட்டார். இந்தியாவிலும் சீனாவிலும் முன்பே அறியப்பட்டிருந்த எண் முக்கோணத்தை விரிவாக ஆராய்ந்ததும் அக்காலத்தில்தான்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், சொல்லொணாத இறை அனுபவம் ஒன்றைப் பெற்றார். அதைத் தாளில் குறித்து மேலாடையின் உட்புறம் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே பணியாள் ஒருவர் அதைக் கண்டெடுத்தார்.

போர் ராயலைச் சார்ந்தோரின் சில கோட்பாடுகளைத் திருச்சபை ஏற்கவில்லை. அவர்களுக்கு ஆதரவாகப் பாஸ்கல் எழுதிய கடிதங்கள் 1657இல் தடை நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவர் இறுதிவரை திருச்சபையின் மகனாகவே வாழ்ந்தார். அவர் பிறந்த 400ஆம் ஆண்டு நிறைவான 2023 ஜூன் 19 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பாராட்டித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார்.

1658இல் ஓர் இரவு பல்வலியால் உறங்க முடியாமல் தவித்த பாஸ்கல், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிச் சிந்திக்கலானார். சிந்தனையில் மூழ்கி வலியை மறந்தார். கடினமான பல கணக்குகளுக்கு விடையும் கண்டார். கேட்கச் சுவையான நிகழ்ச்சிதான். ஆனால் இதைக் கொண்டு நோயே அவரை மேதையாக்கியது என்று சொல்வது தவறு. மறு ஆண்டு நோய் முற்றியபோது நெடுநேரம் படிக்கவோ எழுதவோ அவரால் இயலவில்லை. கிறிஸ்தவ சமயத்தின் உண்மையை விளக்க அவர் எழுத நினைத்த பெருநூல் வெறும் குறிப்புகளாகவே நின்றது. துண்டுத் தாள்களில் எழுதியும் பிறரை எழுதச் சொல்லியும் சேர்த்த அக்குறிப்புகளே, 1670இல் நண்பர்களால் 'சிந்தனைகள்' என்ற நூலாக வெளிவந்தன. முடிக்கப்படாத அந்நூலே இத்தனை பேரைத் தொட்டதென்றால், முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! நோய் அவருக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணாமல், அவரிடமிருந்து பறித்ததையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயை நல்வழியில் பயன்படுத்த அருள் கேட்டு அவர் எழுதிய செபம் ஒன்று உண்டு. உடல்நலத்தையோ நோயையோ தாம் கேட்கவில்லை என்றும், எது தமக்கு நன்மை என்பதை அறிந்தவர் இறைவனே என்றும் அதில் தம்மை ஒப்படைக்கிறார். முள் பதித்த இடைக்கச்சையை அணிந்து தம்மைத் தாமே வருத்திக்கொண்டதாகவும் தமக்கை எழுதுகிறார். அது அக்காலத்தின் வழக்கம். நாம் பின்பற்ற வேண்டியது அதுவன்று. தாங்குவதற்கு நோய் என்னும் சிலுவையே போதும். நமக்கு வேண்டியது அவருடைய ஒப்படைப்பே.

ஏழைகளின் தோழர்

தம் வலியிலும் பிறர் வலியை அவர் மறக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து 1662 மார்ச் 18ஆம் நாள் பாரிசில், ஐந்து சூ கட்டணத்தில் குறித்த வழியில் செல்லும் பொதுக் குதிரை வண்டிகளைத் தொடங்கினார். இன்றைய நகரப் பேருந்துகளின் முன்னோடி அதுவே. அதன் வருமானத்தில் ஆயிரம் பிராங்கை முன்பணமாகப் பெற்று, புளுவா பகுதியில் பட்டினியால் வாடிய ஏழைகளுக்கு அனுப்ப விழைந்தார்.

அவர் வீட்டில் ஏழைக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அதில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டது. தம்மைப் பார்க்க வரும் தமக்கையின் மூலம் அவர் பிள்ளைகளுக்கு நோய் தொற்றுமோ என்ற அச்சம் எழுந்தது. நோயுற்ற குழந்தையை வெளியேற்ற மனமின்றி, ஜூன் 29ஆம் நாள் பாஸ்கல் தாமே வீட்டைவிட்டுத் தமக்கையின் இல்லத்துக்குச் சென்றார். பிறகு அவர் தம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

இறுதி நாட்கள்

அங்குக் கடும் குடல் வலி வந்தது. மருத்துவர்கள் நாடி பார்த்து, ஆபத்து ஏதுமில்லை என்றனர். தலைவலியைப் பற்றிச் சொன்னபோதும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தம் வலியைப் பிறர் உணரவில்லை என்றும், அவர்கள் ஏமாறப்போகிறார்கள் என்றும் பாஸ்கல் அமைதியாகச் சொன்னார். நற்கருணை வாங்க விரும்பினார். அவ்வளவு அவசரமில்லை என்று தள்ளிப்போட்டனர். தமக்குக் கிடைக்கும் அதே கவனிப்பை ஏழை நோயாளி ஒருவருக்கும் தம் அருகிலேயே வைத்துக் கொடுக்கும்படி வேண்டினார். அது இயலாதெனவே, தீராப் பிணியாளர் மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டுபோகக் கேட்டார். மருத்துவர்கள் அதற்கும் இசையவில்லை.

ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு கடும் வலிப்பு கண்டது. இறந்துவிட்டார் என்றே வீட்டார் அழுதனர். மீண்டும் நினைவு திரும்பியபோது பங்குக் குரு நற்கருணையோடு வந்து நின்றார். பாஸ்கல் தாமே எழ முயன்று பக்தியோடு அதைப் பெற்றார். 1662 ஆகஸ்டு 19ஆம் நாள் பின்னிரவு ஒரு மணிக்கு அவர் ஆவி பிரிந்தது. உடலைச் சோதித்தபோது வயிற்று உறுப்புகளும் மூளையும் பழுதுற்றிருந்தன. அது இன்ன நோய் என்பதில் மருத்துவ அறிஞர்கள் இன்றளவும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒன்று மட்டும் உறுதி: மருத்துவர் நம்பாத அந்த வலி மெய்யான வலியே.

நமக்குரிய பாடம்

தோழியரே, பாஸ்கலுக்கு வந்தது கொடிய நோய். நம்மிடையே பலருக்கு வரும் வயிற்றுக் கோளாறுகள் அத்தகையவை அல்ல. குடல் எரிச்சல் நோய் என்று மருத்துவர் கூறும் ஒன்று உண்டு. அதில் வயிறு வலிக்கும், உப்பும், சில நாள் பேதியாகும், சில நாள் மலச்சிக்கல் உண்டாகும். சோதித்துப் பார்த்தால் குடலில் புண்ணோ கட்டியோ காணப்படாது. அதனால் அது பாசாங்கு என்று பொருளன்று. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகளின் வழியே நடக்கும் செய்திப் போக்கு மாறுபடுவதால் அவ்வலி எழுகிறது. தேர்வு அச்சமும் உறக்கக் குறைவும் அதை மிகுவிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நாள்தோறும் தொல்லை தரும். நேரத்துக்கு உண்பதும், ஒவ்வாத உணவைக் கண்டறிந்து விலக்குவதும், அளவான உடற்பயிற்சியும், மருத்துவர் தரும் மருந்தும் பெரிதும் உதவும். மலத்தில் இரத்தம் கண்டாலோ உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெண்பிள்ளைகளாகிய நாம் வயிற்றைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். வகுப்பின் நடுவே எழுந்து வெளியே போக அனுமதி கேட்க வெட்கப்பட்டு, வியர்வை வழிய அமர்ந்திருப்பவள் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கக்கூடும். காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்துவிடுபவளும் இருக்கக்கூடும். அம்மாவிடமோ வகுப்பு ஆசிரியையிடமோ சொல்வதில் இழிவேதும் இல்லை. வலியை முணுமுணுக்காமல் தாங்கிய பாஸ்கலும் அதை மறைக்கவில்லை. மருத்துவரை நாடினார், மருந்து உண்டார், பிறர் உதவியைக் கேட்டுப் பெற்றார்.

அடிக்கடி விடுப்பு எடுக்கும் தோழியை நாம் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அவள் இல்லாத நாளின் பாடத்தை எழுதிக் கொடுப்போம். வெளியே போக எழுந்தால் சிரிக்காதிருப்போம். வலிக்கிறது என்று அவள் சொன்னால் முதலில் நம்புவோம். தீராத நோயைத் தீர்க்கும் ஆற்றல் நமக்கில்லை. நோயாளியை நம்பும் நல்ல மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.