48 வயதில் கிடைத்த கேமரா

வயதாகிவிட்டது, இனிமேல் என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று லிஃப்டில் சலித்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் இந்த இதழில் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றிப் படியுங்கள். (கேமரன் என்பது கணவர் வழி வந்த பெயர், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். பத்தாண்டு கழித்துக் குடும்பம் இங்கிலாந்து போனது. 1863 டிசம்பரில், தனிமையாக இருந்த அம்மாவுக்குப் பொழுதுபோகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கித் தந்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது.

கோழிக்கூண்டு ஸ்டூடியோவானது. கரி போடும் அறை இருட்டறையானது. நாம் செல்போனில் தட்டுவதுபோல நினைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் சில நிமிடங்கள் அசையக்கூடாது. படம் தெளிவாக இல்லை என்று அன்றைய புகைப்படக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பெண்கள் நல்ல உடுப்பும் நகையுமாக, தலை முதல் கால் வரை தெரிய நிற்பார்கள். கேமரனோ முகத்துக்கு அருகே போனார். அலங்காரம் வேண்டாம், அவிழ்ந்த கூந்தல், ஒரு பக்கமிருந்து வெளிச்சம், சிரிப்பில்லாத முகம். தன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மாதா மரியாளாக உட்கார வைத்தார். பிச்சையெடுத்த ஒரு தாயின் மகள் மேரி ரயன். அவளையும் வளர்த்துப் படமெடுத்தார். அவளை விரும்பி 1867-இல் மணந்தவர் யார் தெரியுமா? நம் கும்பகோணத்தில் பிறந்த ஹென்றி காட்டன், 1904-இல் காங்கிரஸ் தலைவரானவர்!

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. டென்னிசன், டார்வின் போன்ற ஆண்கள் தங்கள் பெயரிலேயே படங்களில் இருக்கிறார்கள். பெண்களில் பலர் தேவதையாகவோ கதை நாயகியாகவோதான் இருக்கிறார்கள்.

1875-இல் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த சமயம். களுத்துறையில் அவர் தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்ப் பெண்களையும் படமெடுத்தார். முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் மாவட்டங்களிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். இந்தப் பெண்களுக்கு மாதா வேடமும் இல்லை, பெயரும் இல்லை. சிலோன் பெண், களுத்துறைக் குடியானவர்கள் என்ற அளவில்தான் குறிப்பு. இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள். எங்கோ பார்த்த முகம்போலத் தோன்றும்.

1879 ஜனவரி 26 அன்று இலங்கையிலேயே இறந்தார். பொகவந்தலாவையில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள சிறு தேவாலயத்தில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருடைய கல்லறை. அதில் பெயர் பொறித்திருக்கிறது.