தந்தி கொடுத்த பையன் செஞ்ச கார்

ரோல்ஸ் ராய்ஸ் வீடியோ ஒண்ணு ஓடினா போதும், எங்க ஹாஸ்டல்ல சண்டை ஆரம்பிச்சிடும். இத்தனை கோடி கொடுக்க அதுல அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு கோஷ்டி. உனக்கு ரசனை இல்லைன்னு இன்னொரு கோஷ்டி. அந்தக் காரைச் செஞ்ச மனுஷனைப் பற்றித் தெரிஞ்சா, இந்தக் கேள்வியே கொஞ்சம் மாறிடும்.

ஹென்றி ராய்ஸ் 1863-ல் இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவின் மாவு மில் நொடிச்சுப் போச்சு. ராய்ஸுக்கு 9 வயசானப்போ அப்பாவும் இறந்துட்டார். பையன் பேப்பர் விற்றான், வீடு வீடாகத் தந்தி கொண்டு போய்க் கொடுத்தான். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பிறகு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸ். பணம் கட்டிக்கொண்டிருந்த உறவினரால் தொடர முடியாமல் போக, அதுவும் பாதியில் நின்னுச்சு.

1884-ல் மான்செஸ்டரில் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் என்ற கூட்டாளியோடு சின்னதா ஒரு தொழில் தொடங்கினார். காலிங் பெல்லில் ஆரம்பிச்சு டைனமோ, மின்சார கிரேன் வரைக்கும் போனாங்க. அப்புறம் ராய்ஸ் ஒரு பிரெஞ்சு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அது ஓடிய விதம் அவருக்குத் திருப்தியா இல்லை. இதைவிட நல்லா செய்யலாமேன்னு தானே ஒன்றைச் செய்தார். 1904 ஏப்ரலில் அது ரோட்டுக்கு வந்தது. அடுத்த மாசமே, லண்டனில் கார் விற்றுக்கொண்டிருந்த பிரபு குடும்பத்துப் பிள்ளை சார்லஸ் ரோல்ஸ் அவரைத் தேடி மான்செஸ்டர் வந்தார். செய்யறது ராய்ஸ், விற்கிறது ரோல்ஸ் என்று பேசி முடிச்சாங்க.

பேர் வாங்கித் தந்தது 40/50 மாடல். அதுதான் சில்வர் கோஸ்ட். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் என்ஜின்களில் நீளமான கிராங்க்‌ஷாஃப்ட் முறுக்கி அதிரும். ராய்ஸ் ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு மெயின் பேரிங் கொடுத்து, அழுத்தத்தோடு ஆயில் போக வழி செய்தார். 1907-ல் அந்தக் காரை 15,000 மைல் ஓட்டி, பிரிச்சுப் பார்த்தாங்க. புதுசு மாதிரி ஆக்கத் தேவைப்பட்ட பாகங்களின் விலை 2 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்தான்.

வண்டியின் விலை? பாடி இல்லாமல், வெறும் சேஸி மட்டும் 985 பவுண்டு. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 4,800 டாலர். அடுத்த வருஷம் வந்த போர்டு மாடல் டி முழு வண்டியே 850 டாலர்தான்.

இந்த வேலைக்கு ராய்ஸும் ஒரு விலை கொடுத்தார். சாப்பாட்டை மறந்து உழைச்சதில் உடம்பு கெட்டது. 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அதற்கடுத்த வருஷம் ராய்ஸ் பிழைப்பதே கஷ்டம் என்ற நிலை. பிறகு ஃபேக்டரியை விட்டுத் தள்ளி, வீட்டிலிருந்தே டிசைன் செய்தார். 1919-ல் அட்லான்டிக் கடலை முதன்முதலில் நிற்காமல் தாண்டிய விமானத்தில் இருந்தது அவருடைய ஈகிள் என்ஜின்கள் இரண்டு. 1930-ல் பேரனெட் பட்டம் கிடைச்சது. 1933-ல் இறந்தார்.

சரி, அந்த விலை நியாயமா? 1907-ல் நியாயம்தான்னு நான் சொல்வேன். அந்த அமைதியும் உழைப்பும் வேற வண்டியில் கிடைப்பது அபூர்வம். இன்னைக்கு சாதாரண ஹேட்ச்பேக்கே சத்தமில்லாமல் பல வருஷம் ஓடுது. அதனால இப்போ கொடுக்கிற கோடிகளில் பெரும்பங்கு லெதருக்கும், கைவேலைக்கும், பேருக்கும்தான். வசதி இருக்கிறவங்க வாங்கிக்கட்டும்.

ராய்ஸ் விட்டுட்டுப் போனதில் ஒண்ணு மட்டும் நமக்கும் கட்டுப்படியாகும். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒரு பேரிங் கொஞ்ச நாளா சத்தம் போடுது. ரிவ்யூல யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு விட்டிருந்தேன். இன்னைக்கு சாயங்காலம் அதைக் கழட்டப் போறேன்.